கொழுப்பு மாத்திரை கேன்சரைத் தடுக்குமா? ஸ்டேட்டின் பற்றி ஒரு விவாத இழை

பாளை_மருந்துக்கடை
கொழுப்பு மாத்திரை, அதான் ஸ்டேட்டின், சாப்பிட்டா கேன்சர் வராதாம், வந்தாலும் பரவாதாம்னு ஒரு வாட்சப் செய்தி நம்ம பக்கம் சுத்துது. அதைப் பாத்துட்டு ரெண்டு ரகமா ஆளுக கடைக்கு வாராங்க. கொலஸ்ட்ரால் டெஸ்டே எடுக்காம "அடோர்வா பத்து ஒரு அட்டை குடுங்க அண்ணாச்சி"ங்கிறவங்க ஒரு ரகம். சீட்டு எங்கன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிரலாம். இன்னொரு ரகம்தான் சிக்கல். ஏற்கெனவே இதயக் குழாய்ல ஸ்டென்ட் வச்சு மாத்திரை எடுக்கிறவங்க, இப்ப கீமோ ஓடுது. "டோசை ஏத்தட்டுமா, நிறுத்தட்டுமா"ன்னு கேக்காங்க. லேப், வார்டு, கணக்கு தெரிஞ்சவங்க எல்லாம் இங்க இருக்கீங்க. சொந்தக் கதை வேண்டாம். எந்த ஆய்வு, எத்தனை பேர், எத்தனை மில்லிகிராம், எங்க பிசகும், அதை மட்டும் சொல்லுங்க.

கொக்கிரகுளம்_லேப்
அண்ணாச்சி, அந்தச் செய்தி முழுக்கப் புளுகு இல்ல. அதான் பிரச்சினையே.

1973-ல ஜப்பான்ல சாங்க்யோ கம்பெனியில அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலிச்சு, பெனிசிலியம் சிட்ரினம் பூஞ்சையிலிருந்து காம்பாக்டின்ங்கிற முதல் ஸ்டேட்டினை எடுத்தார். பிறகு ஆஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ்ல லோவாஸ்டாட்டின் கிடைச்சது, 1987-ல அமெரிக்காவில அனுமதி. அடோர்வா, சிம்வா, பிரவா, ரோசுவான்னு எல்லா ஸ்டேட்டினும் அடைக்கிறது ஒரே நொதியை: எச்.எம்.ஜி கோ-ஏ ரிடக்டேஸ். அந்த நொதி செய்ற பொருள்தான் மெவலோனேட்.

இந்த மெவலோனேட்டை ஏதோ கொலஸ்ட்ராலுக்கு மட்டும் போற வாய்க்கால்னு நினைச்சுராதீங்க. கன்னடியன் கால்வாய்ல வழிநெடுக மடை பிரியுதுல்லா, அது மாதிரி. ஒரு மடையில கொலஸ்ட்ரால், ஒண்ணுல செல் சக்தி எடுக்க உதவுற யுபிக்வினோன், ஒண்ணுல ஃபார்னெசைல், ஜெரானைல்ஜெரானைல்னு ரெண்டு கொழுப்பு வால். ராஸ், ரோ மாதிரி புரதங்கள் செல்லோட சவ்வுல ஒட்டி வேலை பாக்கணும்னா இந்த வால் அதுகளுக்கு வேணும். ராஸ்தான் செல்லைப் "பெருகு, பெருகு"ன்னு விரட்டுறது. தலைமடையை அடைச்சா எல்லா மடையும் காயும், வால் இல்லாத ராஸ் சும்மா மிதக்கும். லேப்ல தட்டுல வளர்க்கிற கேன்சர் செல்லுக்கு ஸ்டேட்டின் ஊத்தினா பல ரகம் நிசமாவே சாகுது. கூட மெவலோனேட்டை ஊத்திட்டா பிழைச்சுக்கிடுது. ஆக, கொல்லுறது இந்த வழியாத்தான்னு உறுதி.

மார்பகக் கேன்சர்ல இன்னொரு இழையும் உண்டு. கொலஸ்ட்ரால்ல இருந்து வர்ற 27-ஹைட்ராக்ஸி கொலஸ்ட்ரால், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனோட ஏற்பியைத் தானே தூண்டி கட்டியை வளர்க்கும்னு 2013-ல எலிகள்ல காட்டினாங்க.

பாளை_மருந்துக்கடை
அப்ப வேலை செய்யணுமே அக்கா? வால் இல்லைன்னா ராஸ் செத்தது மாதிரிதானே?

கொக்கிரகுளம்_லேப்
அளவுதான் அண்ணாச்சி காலை வாருது. தட்டுல நாங்க ஊத்துறது மைக்ரோமோலார்ங்கிற அடர்த்தி அலகுல 1, 5, 10. மனுசன் வழக்கமான டோசை முழுங்கினா ரத்தத்துல நிக்கிறது அதைவிடச் சின்ன அலகு, நானோமோலார் கணக்கு. பெரும்பாலும் தட்டுல ஊத்தினதுல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. முழுங்கின மருந்தை ஈரல் முதல் சுத்துலயே பிடிச்சு வச்சுக்கிடும். சிம்வாஸ்டாட்டின்ல 5 சதவீதத்துக்கும் கீழதான் மத்த உடம்புக்குப் போகுது, அடோர்வால சுமார் 14. கொழுப்பு மருந்துக்கு ஈரல்தான் குறி, அதனால அது நல்லதுதான். நுரையீரல்ல, கணையத்துல இருக்கிற கட்டிக்கு அது கெட்டது.

டோசை ஏத்திப் பாக்கலியான்னு கேப்பீங்க. பாத்தாங்க. 1996-ல வந்த முதல் கட்டச் சோதனையில 88 பேருக்கு லோவாஸ்டாட்டின், நாளைக்குக் கிலோவுக்கு 2 முதல் 45 மி.கி வரை, மாசத்துல ஏழு நாள். கிலோவுக்கு 25-ன்னு வச்சாலே 60 கிலோ ஆளுக்கு 1,500 மி.கி, உங்க அலமாரியில இருக்கிற 40 மி.கி மாத்திரை முப்பத்தேழரை. தசை நொறுங்கினதுதான் எல்லை போட்டுது. கட்டி பெருசா சுருங்கல.

இன்னொரு பிசகும் இருக்கு. நொதியை அடைச்சதும் செல் சும்மா இருக்காது. எஸ்.ஆர்.இ.பி.பி-2ங்கிற சுவிட்ச் விழுந்து அதே நொதியை இன்னும் நிறைய செய்யச் சொல்லும். எந்தக் கட்டிக்கு இந்த சுவிட்ச் நல்லா வேலை செய்யுதோ அது தப்பிச்சுக்கிடும், சுவிட்ச் பழுதான கட்டி சாகும். பழைய டைபிரிடமோல் மாத்திரை அந்த சுவிட்சை அமுக்கும்னு கண்டுபிடிச்சு, ஸ்டேட்டினோட சேத்துக் குடுத்துப் பாக்கிற வேலை நடந்திருக்கு. ஆனா அதெல்லாம் லேப், எலி கட்டம்.

சேரை_கணக்கு
மருந்தியல் எனக்குத் தெரியாது. கணக்குப் பக்கம் சொல்லுதேன்.

"தடுக்கும்"னு சொல்ற ஆய்வுகள் பெரும்பாலும் பதிவேட்டை எடுத்துப் பின்னோக்கிப் பாக்கிறது. 2005-ல இஸ்ரேல்ல பெருங்குடல் கேன்சர் ஆய்வு: அஞ்சு வருசத்துக்கு மேல ஸ்டேட்டின் எடுத்தவங்களுக்கு ஆபத்து 47 சதவீதம் கம்மி. 2012-ல டென்மார்க்: கேன்சர் வந்தவங்கள்ல முன்னாலேயே ஸ்டேட்டின் எடுத்த 18,721 பேரை, எடுக்காத 2,77,204 பேரோட ஒப்பிட்டாங்க. கேன்சர்ல சாவு 15 சதவீதம் குறைவு. உங்க வாட்சப்புக்கு ஊத்து இது மாதிரி ஆய்வுகள்தான்.

இனி மறுபக்கம். குலுக்கிப் போட்டு, பெரும்பாலும் பாதிப் பேருக்கு நிசமாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைன்னு (சிலதுல கூடின டோஸ், குறைஞ்ச டோஸ்னு) நடத்தின 27 சோதனைகள், சுமார் 1,75,000 பேர், அஞ்சு வருசம் போல. 2012-ல சேத்துக் கூட்டினப்ப கேன்சர் வர்றதுலயும் வித்தியாசம் இல்ல, கேன்சர் சாவுலயும் இல்ல. கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

ஏன் முரண்? பாளையில இருந்து பாபநாசம் பஸ்ஸுல ஏறினவங்களை எடுத்துக்கிடுங்க. வழியில சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சின்னு இறங்கிக்கிட்டே இருப்பாங்க. அம்பாசமுத்திரத்துல டீ குடிச்சவங்களை மட்டும் தனியா எண்ணி, "டீ குடிச்சவங்க சராசரியா ரொம்ப தூரம் போயிருக்காங்க"ன்னு சொன்னா எப்படி? அம்பை வரைக்கும் போனாத்தானே டீயே குடிக்க முடியும். கேன்சர் கண்டுபிடிச்சு ரெண்டு வருசம் கழிச்சு ஸ்டேட்டின் ஆரம்பிச்ச ஆளை, முதல் நாளிலிருந்தே ஸ்டேட்டின் ஆள்னு எண்ணுற ஆய்வுல நடக்கிறது இதான். அந்த ரெண்டு வருசம் அவர் சாகவே முடியாத காலம். சாகாக் காலப் பிழைன்னு வச்சுக்கிடுங்க.

2018-லயும் 2019-லயும் பழைய பதிவேடுகளையே எடுத்து, "இன்னிக்கு யார் ஆரம்பிக்கிறாங்க, யார் ஆரம்பிக்கல"ன்னு சோதனை மாதிரியே நாள் குறிச்சுத் திருப்பி எண்ணினாங்க. பலன் கிட்டத்தட்ட மறைஞ்சு போச்சு. ஒரே தரவு, எண்ற விதம் மட்டும்தான் வேற.

அம்பை_ஈரல்
தம்பி, டென்மார்க் ஆய்வுக்கு உங்க டீக்கடை பொருந்தாதே. அதுல கேன்சர் வர்றதுக்கு முன்னாலேயே மாத்திரை எடுத்தவங்களைத்தானே எண்ணினாங்க?

சேரை_கணக்கு
சரிதாம் டாக்டர், அங்க வேற பிழை. டோஸ் வாரியாப் பிரிச்சுப் பாருங்க. எடுக்காதவங்க சாவு ஆபத்தை (எந்தக் காரணமானாலும்) 1-ன்னு வச்சா, குறைஞ்ச டோசுக்கு 0.82, நடு டோசுக்கு 0.87, அதிக டோசுக்கும் 0.87. மருந்துதான் வேலை செய்யுதுன்னா டோஸ் ஏற ஏற பலனும் ஏறணும்ல, இங்க ஏறல. மாத்திரை ஒழுங்கா எடுக்கிறவங்க பி.பி. பாக்காங்க, ஸ்கேனுக்குப் போறாங்க, பீடியைக் கூட விட்டிருப்பாங்க. கனடாவில ஒரு ஆய்வுல ஸ்டேட்டினை ஒழுங்கா எடுத்தவங்களுக்கு வாகன விபத்துகூட கம்மின்னு வந்துது. அடோர்வா பிரேக் பிடிக்குமா?

இன்னொண்ணு. கேன்சர் வெளியே தெரியறதுக்கு முன்னாலேயே உடம்பு இளைச்சு கொலஸ்ட்ரால் இறங்கிரும். இறங்கினா யாரும் ஸ்டேட்டின் எழுதமாட்டாங்க. அதனால "எழுதப்படாதவங்க" கூட்டத்துல ஒளிஞ்சிருக்கிற நோயாளி சேர்ந்துருவாங்க.

அம்பை_ஈரல்
ஒத்துக்கிடுதேன். ஆனாலும் ஈரலை மட்டும் மத்த உறுப்போட சேத்துக் கட்டாதீங்க. மேடம் சொன்ன அளவுப் பிரச்சினை இங்க தலைகீழ்: மருந்து முதல்ல சேர்றதே ஈரல்ல. ஹெபடைட்டிஸ் பி, சி உள்ளவங்கள்ல ஸ்வீடன் பதிவேடு, 2020: பத்து வருசத்துல ஈரல் கேன்சர், கொழுப்பில் கரையும் ஸ்டேட்டின் எடுத்தவங்களுக்கு 3.3 சதவீதம், எடுக்காதவங்களுக்கு 8 போல. தண்ணியில கரையும் ரகத்துக்கு அவ்வளவு வித்தியாசம் இல்ல. இது பதிவேடுதான், தம்பியோட கேள்வி எல்லாம் இதுக்கும் உண்டு. ஆனா கொழுப்பில் கரையும் அடோர்வா, சிம்வாவுக்கு ஒரு மாதிரியும் தண்ணியில கரையும் பிரவா, ரோசுவாவுக்கு வேற மாதிரியும் வருதுல்லா. ஒழுக்கமான ஆளுங்கதான் காரணம்னா ரெண்டு ரகத்துக்கும் ஒரே மாதிரி வந்திருக்கணும்.

ஈரல் கேன்சர் வந்த பிறகு வைத்தியமா குடுக்கிறது வேற கதை. 2001-ல ஜப்பான்ல 83 பேர், பிரவாஸ்டாட்டின் 40 மி.கி: ஆயுள் 9 மாசம் 18 ஆச்சுன்னு வந்துது, எல்லாரும் துள்ளினோம். 2019-ல பிரான்ஸ்ல 323 பேருக்கு சோராஃபெனிப்ங்கிற ஈரல் கேன்சர் மருந்தோட அதே பிரவா 40: 10.7 மாசம், இல்லாம 10.5. சின்னச் சோதனை, பெரிய சோதனை. அவ்வளவுதான்.

சேரை_கணக்கு
மத்த கட்டிகளுக்கும் அதே கதி. நுரையீரல் சிறுசெல் கேன்சர், 846 பேர், கீமோவோட பிரவா 40 மி.கி, 2017: 10.7 மாசம், வெறும் மாத்திரைக்கு 10.6. வயித்துக் கேன்சர் 244 பேர், குடல் கேன்சர் 269 பேர், ரெண்டுலயும் கீமோவோட சிம்வா 40 மி.கி, ரெண்டுலயும் ஒண்ணுமில்ல.

இப்ப பாக்க வேண்டியது மார்பகம். டென்மார்க்ல 3,360 பேரைச் சேக்கத் திட்டம் போட்டு 2020-ல ஆரம்பிச்ச சோதனை: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டி, அடோர்வா 80 மி.கி, ரெண்டு வருசம், எதிரே வெறும் மாத்திரை. மேடம் சொன்ன 27-ஹைட்ராக்ஸி விசயத்துக்கு மனுசன்ல விடை வரணும்னா அது மாதிரி சோதனையிலதான் வரணும்.

பாளை_மருந்துக்கடை
இதுக்கு நேர்மாறாவும் கேக்காங்க: "ஸ்டேட்டின்தான் கேன்சரை வரவழைக்குமாமே?"

கொக்கிரகுளம்_லேப்
அதுக்கும் ஒரு மூலம் உண்டு. 1996-ல ஒரு பிரவா சோதனையில மார்பகக் கேன்சர் பிரவா எடுத்தவங்கள்ல 12, வெறும் மாத்திரையில 1-ன்னு வந்துது. 2002-ல வயசானவங்களுக்கு நடந்த இன்னொண்ணுல புதுக் கேன்சர் 25 சதவீதம் கூட. 2008-ல சிம்வாவோட எசிடிமைப்ங்கிற இன்னொரு கொழுப்பு மாத்திரையும் சேத்துக் குடுத்ததுல புதுக் கேன்சர் 105, வெறும் மாத்திரையில 70. மூணுமே பிறகு பெரிய எண்ணிக்கையில நிக்கல. எசிடிமைப் பயத்தை 18,144 பேர் சோதனை 2015-ல தீத்து வச்சுது. தம்பி சொன்ன 1,75,000 பேர் கணக்கு ரெண்டு பக்க வதந்திக்கும் சேத்துத்தான் பதில்.

கீமோ_சீட்டு
தடுக்குமா, வரவழைக்குமான்னு பேசி முடிச்சாச்சுல்லா? வார்டுல நாங்க பாக்கிற ஆபத்து வேற. ஸ்டேட்டினும் கேன்சர் மருந்தும் ஒரே சீட்டுல சேர்றது.

சீட்டு எப்படி இருக்கும்னா, மேல ஹார்ட் டாக்டர் நீல மையில "சிம்வாஸ்டாட்டின் 40, 0-0-1"ன்னு எழுதியிருப்பார். கீழ வேற கையெழுத்து, கருப்பு மை: "இட்ராகோனசோல் 200, 1-0-1". கீமோவுல வெள்ளணு இறங்கி, வாயில பூஞ்சை வந்திருக்கும். ரெண்டு வரியும் தனித்தனியா சரி. சேத்து முழுங்கினா வினை. சிம்வாவைக் கரைக்கிறது குடல்லயும் ஈரல்லயும் இருக்கிற சி.ஒய்.பி 3ஏ4-ங்கிற நொதி. இட்ராகோனசோல் அதைப் பூட்டிரும். ரத்தத்துல சிம்வாவோட செயல்படும் அமிலம் 19 மடங்கு ஏறினதை அளந்திருக்காங்க. 5 சதவீதம் போன இடத்துல வெள்ளம் மாதிரி போகுது. தசை உடையும், அதுல இருந்து வர்ற மயோகுளோபின் புரதம் கிட்னியை அடைக்கும், மூத்திரம் கோலா நிறத்துல போகும். அதே வாரம் கிட்னியைக் கெடுக்கிற கீமோ மருந்து சிஸ்பிளாட்டினும் ஏறியிருந்தா கிட்னிக்கு ரெண்டு பக்கத்து அடி.

இட்ராகோனசோல், போசாகோனசோல், வோரிகோனசோல், கிளாரித்ரோமைசின் எது வந்தாலும் சிம்வா, லோவா நிக்கணும். இட்ராகோனசோலோட பூட்டு நிறுத்தின பிறகும் ரெண்டு வாரம் வரை நீடிக்கலாம், அதனால மறுநாளே சிம்வாவைத் திருப்பி ஆரம்பிக்கக் கூடாது. அடோர்வான்னா இட்ராகோனசோலோட 20 மி.கி தாண்டக் கூடாது. 3ஏ4 வழியை நம்பாத ரோசுவா, பிரவா, பிட்டவா எதுக்காவது மாத்த டாக்டர்கிட்ட கேக்கலாம்.

கேன்சர் மருந்திலேயே பூட்டுறது இருக்கு. ரைபோசிக்ளிப் பலமாப் பூட்டும். சிம்வா, அடோர்வாவோட சேந்து தசை உடைஞ்சது பதிவாயிருக்கு. இமாட்டினிப் சிம்வாவை மூணு மூணரை மடங்கு ஏத்தும். எதிர்ப்பக்கம் புராஸ்டேட் கேன்சர் மருந்து என்சலூட்டமைடு: நொதியைத் தூண்டிவிட்டு சிம்வா, அடோர்வா அளவை இறக்கிரும். ஸ்டென்ட் வச்சவர் மாத்திரை எடுத்துக்கிட்டே இருப்பார், கெட்ட கொழுப்பு எல்.டி.எல். ஏறும். பாசோபனிப் எடுக்கிறவங்க சிம்வாவும் எடுத்தா ஈரல் பாதிப்பைக் காட்டுற ஏ.எல்.டி. மேல்வரம்பைப் போல மூணு மடங்கு தாண்டினவங்க 27 சதவீதம், ஸ்டேட்டின் எடுக்காதவங்கள்ல 14.

"கை கால் உளையுது"ன்னு சொன்னதும் ஸ்டேட்டின்தான்னு முடிவு கட்டாதீங்க. தசை உடையுறதைக் காட்டுற சி.கே. ரத்த டெஸ்ட் பாருங்க, மேல்வரம்பைப் போல 10 மடங்கு தாண்டினா உடனே நிறுத்தணும். தைராய்டு டெஸ்ட் டி.எஸ்.எச்.சும் பாருங்க: எதிர்ப்புச் சக்தியைக் கேன்சர் மேல ஏவுற இம்யூனோதெரபி தைராய்டைப் படுக்க வைக்கும், தைராய்டு இறங்கினா கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் வலிக்கும். அதைப் பாத்து ஸ்டேட்டின் டோசை ஏத்தினா ரெட்டைத் தப்பு. இம்யூனோதெரபியே தசையை அழற்ற வைக்கிறதும் உண்டு. இமை தொங்குது, மூச்சு வாங்குது, முழுங்க முடியலன்னா அது அவசரம், இதயத் தசையும் சேந்திருக்கலாம். இதயத் தசை பாதிப்பைக் காட்டுற ட்ரோபோனின் டெஸ்ட் எடுக்காம வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

பாளை_மருந்துக்கடை
அண்ணாச்சி, கீமோ ஓடுறப்ப ஸ்டேட்டினை அப்படியே நிறுத்திட்டா என்ன?

கீமோ_சீட்டு
ஸ்டென்ட், மாரடைப்பு, பக்கவாதம்னு காரணம் இருக்கிறவங்க தானா நிறுத்தக் கூடாது. அந்தக் காரணம் கேன்சர் வந்ததால போயிராது. ஆனா நோய் முத்தி, ஆயுள் ஒரு வருசத்துக்கும் குறைவுன்னு டாக்டர் கணிச்ச நிலை வேற. 381 பேரை வச்சு 2015-ல பாத்தாங்க: நிறுத்தினவங்களுக்கு அறுபது நாள் சாவுல பெரிய வித்தியாசம் இல்ல, நாள் கொஞ்சம் சுகமாவே போச்சு. முழுங்க முடியாம தவிக்கிறவருக்குப் பன்னெண்டு மாத்திரையில ஒண்ணு குறைஞ்சா அது பெரிய காரியம். அதையும் டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

அம்பை_ஈரல்
ஈரல் சுருங்கி வயித்துல நீர் கோத்தவங்களுக்கு சிம்வா 20 மி.கி-க்கு மேல வேண்டவே வேண்டாம். 40-ல தசை உடையுறது கூட. அதோட, ஈரல் கேன்சர் பயத்துல ஸ்டேட்டின் கேக்கிறவங்களை ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் எடுத்தாச்சா, குடி எவ்வளவுன்னு கேளுங்க. பி-க்குத் தடுப்பூசி இருக்கு, மருந்து இருக்கு. அதை விட்டுட்டு அடோர்வாவுக்கு வாராங்க.

கொக்கிரகுளம்_லேப்
இடையில ஒண்ணு. ஆன்லைன்ல "சிவப்பு ஈஸ்ட் அரிசி" மாத்திரை வாங்கி, இது இயற்கைன்னு சொல்றாங்க. அதுல இருக்கிற மொனகோலின்-கே, லோவாஸ்டாட்டினேதான், மூலக்கூறு ஒண்ணுதான். எவ்வளவு இருக்குங்கிறது டப்பாவுக்கு டப்பா மாறும், சில சரக்குல சிட்ரினின்னு கிட்னி நஞ்சும் இருக்கும். மேல சொன்ன பூஞ்சை மருந்துச் சிக்கல் முழுக்க இதுக்கும் பொருந்தும், ஆனா சீட்டுல ஏறாததால யாருக்கும் தெரியாது. நம்ம ஊர்ச் சிவப்பரிசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சிவப்பரிசிப் புட்டை யாரும் விட வேண்டாம்.

அம்பை_ஈரல்
கேன்சர் வார்டுல ஸ்டேட்டினுக்கு நிசமாவே ஒரு வேலை இருக்கலாம், அதை யாரும் சொல்லலியே. டாக்சோரூபிசின்ங்கிற கீமோ மருந்து இதயத்தைக் கெடுக்கும்ல.

கீமோ_சீட்டு
ஆமா டாக்டர், அது கட்டிக்கு இல்ல, இதயத்துக்கு. 2023-ல வந்த சோதனை: லிம்ஃபோமா 300 பேர், கீமோவுக்கு முன்னாலேயே அடோர்வா 40 ஆரம்பிச்சு 12 மாசம். இதயம் பம்ப் பண்ற அளவு 10 புள்ளி இறங்கி 55-க்குக் கீழ போனவங்க 9 சதவீதம், வெறும் மாத்திரையில 22. ஆனா பெரும்பாலும் மார்பகக் கேன்சர்க்காரங்களை வச்சு 279 பேர்ல நடந்ததுல, அதே 40 மி.கி, 24 மாசம் பாத்து வித்தியாசம் இல்ல. லிம்ஃபோமாவுக்கு ஏறுற மொத்த டோஸ் கூட, அதனால கெடுதலும் கூட, பலன் தெரிய இடமும் கூட. என் கணிப்பு அப்படி. எல்லாருக்கும் எழுதுற மாதிரி இல்ல, டோஸ் அதிகம் ஏறப் போறவங்களுக்கு ஹார்ட் டாக்டரோட பேசி முடிவு பண்ற மாதிரி.

பாளை_மருந்துக்கடை
கடைசியா ஒண்ணு. இன்னிக்கு வந்த சீட்டு: புராஸ்டேட் கேன்சர், அதுக்கு டாரோலூட்டமைடு 300 ரெண்டு வேளையும் ரெண்டு ரெண்டு, கூடவே ரோசுவா 20 ராத்திரி. ரோசுவா 3ஏ4 வழியில போகாதுன்னு சொன்னீங்க, அப்ப தப்பில்லையே?

கீமோ_சீட்டு
குடுத்துராதீங்க அண்ணாச்சி, நல்லவேளை கேட்டீங்க. இங்க பூட்டு 3ஏ4 இல்ல. ரோசுவாவைக் குடலும் ஈரலும் வெளியே தள்ளுற பி.சி.ஆர்.பி. பம்பை டாரோலூட்டமைடு அடைக்கும். ரோசுவா அஞ்சு மடங்கு வரை ஏறும். சேத்துத்தான் குடுக்கணும்னா ரோசுவா 5 மி.கி-க்கு மேல போகக் கூடாது. ரெகோராஃபெனிப்ங்கிற கேன்சர் மருந்துன்னா ரோசுவா 10 வரை. நம்ம ஆளுங்க உடம்புல ரோசுவா சாதாரணமாவே கூட நிக்கும், ஆசியர்களுக்கு 5-ல ஆரம்பிக்கச் சொல்றது அதனாலதான். நீங்களா அட்டையை மாத்திக் குடுக்காதீங்க, "ரோசுவா 20 + டாரோலூட்டமைடு, டோஸ் சரிபார்க்கவும்"னு சீட்டுப் பின்னால எழுதி எழுதின டாக்டருக்கே போன் போடுங்க. கிட்னி டெஸ்ட் கிரியாட்டினினும் கேட்டுக்கிடுங்க, கிட்னியோட சுத்திகரிப்பு நிமிசத்துக்கு 30 மி.லி-க்குக் கீழன்னா ரோசுவா தனியாவே 10 தாண்டக் கூடாது.

பாளை_மருந்துக்கடை
போன் போட்டாச்சு. 5-க்கு இறக்கிட்டாங்க, ரெண்டு வாரத்துல சி.கே. பாக்கச் சொல்லியாச்சு. கிரியாட்டினின் 1.1.